பாறை வந்தால் பாறைப் பக்கம் சாய்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் காலையில் முதல் கேள்வி, "பிலிகுண்டுலுல எவ்வளவு?" என்பதுதான். காவிரி கர்நாடகத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற இடம் பிலிகுண்டுலு. மத்திய நீர்வள ஆணையம் அங்கே வைத்து அளந்து சொல்லும் கணக்குத்தான், "ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி" என்று செய்தித்தாளில் வருகிறது. என் தாத்தா ஒகேனக்கல் பக்கம் ஊட்டமலையில் பரிசல் ஓட்டியவர். அவருக்குப் பின் மாமா. நான் படித்துவிட்டு ஓசூர்ப் பக்கம் வேலைக்கு வந்துவிட்டேன். ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்கும் மற்ற வேலை ஓடும்.

போன வாரம் அலுவலகத்தில் ஒரு தம்பி கேட்டான். "எட்டாயிரம் கன அடிதானாம் அண்ணா. கம்மிதானே? ஆடிப்பெருக்குக்கு வீட்டோட போய்ப் பரிசல் ஏறலாமா?" நின்றபடி பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியாக அது எனக்குப் படவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த எட்டாயிரத்தைப் பார்ப்போம். ஒரு கன அடி என்பது கிட்டத்தட்ட 28.3 லிட்டர். எட்டாயிரம் கன அடி என்றால் வினாடிக்கு இரண்டேகால் லட்சம் லிட்டருக்கும் மேல். நம் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வினாடியும் பத்தொன்பது லாரித் தண்ணீர் உங்களைத் தாண்டிப் போகிறது. இது ஒகேனக்கல்லில் அமைதியான நாள். 2018 ஆகஸ்டில் இரண்டு லட்சம் கன அடியையும் தாண்டி வந்தது. அன்று அருவி, பாறை, நடைபாதை எதையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாம் ஒரே செந்தண்ணீர்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒகேனக்கல்லில் வெயில் பளீரென்று அடிக்கும், வானத்தில் ஒரு மேகம் இருக்காது. வருகிற தண்ணீரோ குடகில் பெய்த மழை. கபினி வழியாக வருவது வயநாட்டில் பெய்த மழை. மேலே கிருஷ்ணராஜ சாகரிலும் கபினி அணையிலும் மதகைத் திறந்திருப்பார்கள். வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிக்கிறவர் அங்கே ஏமாந்துபோவார். தாத்தா வானத்தைப் பார்க்கவே மாட்டார். துறைக்குப் போனதும் தண்ணீர் தொடுகிற விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைப்பார். டீ குடித்துவிட்டு வந்து பார்ப்பார். குச்சிக்கு இந்தப் பக்கம் ஈரம் ஏறியிருந்தால் பரிசலை இறக்க மாட்டார். தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறத்தில் வந்தாலும், சருகும் மூங்கில் துண்டுமாக மிதந்து வந்தாலும் அதே முடிவுதான். "மேல காட்டக் கழுவிக்கிட்டு வருது" என்பார்.

பரிசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த டொமிங்கோ பயஸ் என்ற போர்த்துகீசியர் துங்கபத்திரையில் இதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்: கூடைபோல் வட்டமான படகு, உள்ளே பிரம்பு, வெளியே தோல், நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே போகிறது என்று. இன்றைக்குத் தோல் போய் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்துவிட்டன. மற்றபடி அதே கூடைப் பின்னல்தான், மூங்கிலில். ஐந்நூறு ஆண்டுக்கும் மேலாக இது மாறாமல் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. பாறை நிறைந்த ஆற்றில் ஆழமாக அமுங்குகிற படகு அடி தட்டி உடையும். பரிசலின் அடி தட்டை, அரையடித் தண்ணீரிலும் மிதக்கும். பாறையில் இடித்தால் மூங்கில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். முன்னும் பின்னும் இல்லாததால் எந்தப் பக்கமும் ஒரே துடுப்பு வீச்சில் திரும்பும்.

ஆனால் ஒன்று அதனால் முடியாது. ஆற்றை எதிர்த்து ஏற முடியாது. அதனால்தான் பரிசல்காரர்கள் கீழே போய்ச் சேர்ந்ததும் பரிசலைக் கவிழ்த்துக் குடைபோலத் தலையில் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடந்து மேலே வருகிறார்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள் அதைப் படம் எடுப்பார்கள். என்னைக் கேட்டால், வேகமான ஆற்றில் படகு ஓட்டுவதன் முதல் பாடமே அந்த நடைதான். மேலே போக வேண்டுமென்றால் கரையில் நட. தண்ணீரில் இறங்கிவிட்டால் தண்ணீர் போகிற பக்கம்தான் போவாய் என்று ஒத்துக்கொள். தாத்தா இதையே, "தண்ணியோட மல்லுக்கட்டாத கண்ணு. உனக்குக் கை ஓயும், அதுக்கு ஓயாது" என்று சொல்லுவார்.

எனக்குப் பத்தொன்பது வயதில் இந்தப் பாடம் மண்டையில் ஏறியிருக்கவில்லை. காலேஜ் லீவு. மாமா பென்னாகரம் போயிருந்த நேரம். நானும் பெரியப்பா மகனும் பரிசலை எடுத்துக்கொண்டு இறங்கினோம். அண்ணன் துடுப்புப் போட்டான், நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் முந்தின நாளைவிடக் கூடியிருந்தது, எங்களுக்குத் தெரியும். தெரிந்தும்தான் போனோம். ஒரு வளைவில் பரிசல் அண்ணனின் கையை மீறிப் பக்கவாட்டில் ஓடி, வண்டிச் சக்கரம் அளவுள்ள ஒரு பாறையை நோக்கிப் போனது. மோதப்போகிறது என்று தெரிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான். பாறையை விட்டு விலகி எதிர்ப்பக்கம் ஒதுங்கினோம். யாராக இருந்தாலும் அப்படித்தான் உடம்பு தானாக ஒதுங்கும்.

அந்த ஒரு நொடியில் எல்லாம் முடிந்தது. பாறையில் பரிசல் முட்டி நின்றது. எங்கள் கனமெல்லாம் மேல்நீர்ப் பக்கம் இருந்ததால் அந்த விளிம்பு தாழ்ந்தது. மேலிருந்து வருகிற தண்ணீர் அந்த விளிம்பைப் பிடித்து அமுக்கி உள்ளே பாய்ந்தது. இமைப்பதற்குள் பரிசல் நிரம்பிப் பாறையோடு ஒட்டிக்கொண்டது. அண்ணன் பாறையைப் பிடித்து ஏறிவிட்டான். என்னைத் தண்ணீர் கொண்டுபோனது.

கீழே நூறு, நூற்றைம்பது அடி தள்ளி ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பிச் சுழலும் இடத்தில் ஒதுங்கினேன். முழங்காலிலும் முதுகிலும் தோல் உரிந்திருந்தது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், அதுவும் மாமாவுக்குப் பயந்து மட்டுமே. அது இல்லாவிட்டால் இந்தப் பதிவை எழுத ஆள் இல்லை.

மாமா திட்டவில்லை. அடுத்த நாள் தண்ணீர் குறைந்த ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், சோற்றுத் தட்டு ஒன்றை ஓடுகிற தண்ணீரில் ஒரு கல்லின்மேல் சாய்த்துக் காட்டினார். தட்டின் மேல்நீர் விளிம்பை விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் அடியில் புகுந்து போய்விடுகிறது, தட்டு நிற்கிறது. அந்த விளிம்பை ஒரு நூல் தாழ்த்தினால் போதும், தட்டு கவிழ்ந்து கல்லோடு ஒட்டிக்கொள்கிறது. "பாறை வந்தா பாறைப் பக்கம் சாயணும்டா. பயந்துக்கிட்டு இந்தப் பக்கம் வந்தா தண்ணி ஏறும். பாறையக் கட்டிப் பிடிக்கிற மாதிரி போ. பரிசல் தானா உருண்டு கழண்டுக்கும்." பரிசல் வட்டம் அல்லவா, பாறையின் ஓரமாக உருண்டு விலகிவிடும். நாங்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அன்று நிரம்பிப் பாறையோடு ஒட்டிய பரிசலை நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் ஏன் அசைக்க முடியவில்லை என்று பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மீட்டர் குறுக்களவு. அடி தட்டையென்றே வைத்துக்கொண்டு ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கிட்டத்தட்ட ஒரு டன் கனம். அது வெறும் கனம். அதன்மேல் ஆறு தள்ளுகிற அழுத்தம் தனி. ஓடும் தண்ணீரின் அழுத்தம் வேகத்தோடு நேர்கணக்கில் கூடுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. நேற்று சமாளித்தேன், இன்று கொஞ்சம்தான் கூடியிருக்கிறது என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கில்தான் தவறுகிறார்கள்.

அக்கரைக்குப் போவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நூறு மீட்டர் அகலம் உள்ள ஆறு, தண்ணீர் வினாடிக்கு இரண்டு மீட்டர் ஓடுகிறது, நீங்கள் துடுப்புப் போட்டு வினாடிக்கு ஒரு மீட்டர் நகர்கிறீர்கள் என்று வைப்போம். அக்கரையை நேராகப் பார்த்து வலித்தால் நூறு வினாடியில் சேருவீர்கள். அதற்குள் ஆறு உங்களை இருநூறு மீட்டர் கீழே கொண்டுபோயிருக்கும். அந்த இருநூறு மீட்டருக்குள் அருவி இருக்கிறதா, பாறைக் கூட்டம் இருக்கிறதா, மரம் சாய்ந்து கிடக்கிறதா என்பதுதான் கேள்வி. எதிர்த்த கரையில் இருக்கிற கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் கோயிலுக்கு நேரே இறங்கக் கூடாது. இருநூறு மீட்டர் மேலே நடந்துபோய் இறங்க வேண்டும். நடக்கச் சோம்பல்பட்டு நேரே இறங்கி, பிறகு நடு ஆற்றில் மேல்நீர்ப் பக்கம் திரும்பி மூச்சு முட்ட வலிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி வலித்தால் கரை சேரும் நேரம் கூடுகிறது, கை ஓய்கிறது, நகர்வது என்னவோ கீழ்நோக்கித்தான்.

தண்ணீரை விட வேகமாக ஓடக்கூடிய இன்ஜின் படகென்றால் கதை வேறு. மூக்கைச் சற்றே மேல்நீர்ப் பக்கம் சாய்த்துப் பிடித்தால் தண்ணீரே ஒரு பக்கம் தள்ளிவிடும், படகு ஏறாமல் இறங்காமல் குறுக்கே நகரும். கரையில் ஒட்டும்போதும் மூக்கு மேல்நீரைப் பார்த்திருக்க வேண்டும். ஓட்டத்துக்குக் குறுக்கே படகைக் காட்டிக்கொண்டு இன்ஜினைக் குறைப்பதுதான் ஆபத்து. பின்பக்கம் நங்கூரம் போடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. பின்விளிம்பு தாழ்ந்து தண்ணீர் உள்ளே ஏறும். ஆனால் இன்ஜின் இருக்கிறது என்ற தைரியமும் ஓரளவுக்குத்தான். 2019 செப்டம்பர் 15 அன்று ஆந்திராவில் கச்சுலூரு அருகே கோதாவரியில் சுற்றுலாப் படகு மூழ்கியது. ஆற்றில் அப்போது வினாடிக்கு 5 லட்சம் கன அடி அளவில் வெள்ளம். எழுபதுக்கும் அதிகமானோர் இருந்த படகில் பிழைத்தவர்கள் 26 பேர். படகை மேலே இழுக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்தச் செய்தி வந்த அன்று மாமா சாப்பிடவில்லை. "அவ்வளவு தண்ணியில ஏம்ப்பா எடுத்தாங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆற்றைப் படிக்கிற வித்தையைப் பதிவில் எழுதிக் கற்றுக்கொடுத்துவிட முடியாது. ஆனால் கரையில் நின்று பார்க்கிறவர்களும் சிலதை அடையாளம் காணலாம். இரண்டு பாறைக்கு நடுவே தண்ணீர் கூம்பி, கூர்முனை கீழ்நோக்கி வழவழவென்று நாக்கு நீட்டியது போல ஓடினால் அதுதான் ஆழமான வழி. கூர்முனை மேல்நீர்ப் பக்கம் பார்த்து இருந்தால் அந்த முனையில் ஒரு பாறை ஒளிந்திருக்கிறது. வழுக்கையான ஒரு மேடும் அதன் பின்னால் நுரையும் தெரிந்தால், பாறைக்கு மேல் மெல்லிய ஒரு போர்வையாகத் தண்ணீர் ஓடுகிறது என்று பொருள். வளைவில் வெளிக்கரைப் பக்கம்தான் ஆழமும் இழுப்பும், உள்கரைப் பக்கம் மணல் திட்டும் நிதானமும். ஆற்றின் குறுக்கே கோடு கிழித்தது போல் தண்ணீர் திடீரென்று முடிந்து அதற்கப்பால் புகைபோல் சாரல் எழும்பினால் அங்கே அருவி. கன்னடத்தில் ஹொகே என்றால் புகை, கல் என்றால் கல். ஊர்ப்பெயரே எச்சரிக்கையாகத்தான் இருக்கிறது.

பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி ஓடும் சுழியைப் பற்றி எல்லோருக்கும் பயம் உண்டு. ஆழமான மடுவில் இழுக்கிற சுழி பயப்பட வேண்டியதுதான். ஆனால் பாறை முதுகில் உருவாகிற சின்னச் சுழியைப் பரிசல்காரர்கள் திண்ணைபோலப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒதுங்கி மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வழியைப் பார்ப்பார்கள். என்னைக் காப்பாற்றியதும் அப்படி ஒரு சுழிதான். ஓட்டமும் சுழியும் உரசுகிற கோட்டைத் தாண்டும்போது மட்டும் பரிசல் வெட்டென்று திரும்பும். அந்த நேரத்தில் யாரும் எழுந்து நிற்கக் கூடாது.

நிற்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பரிசலில் உட்காருகிறவர்கள் அடித்தளத்தில், சுற்றிச் சமமாக, கனத்தைப் பிரித்து உட்கார வேண்டும். அருவி தெரிகிற பக்கம் எல்லோரும் ஒரே நேரத்தில் செல்போனை நீட்டிக்கொண்டு திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். பரிசல்காரர் கத்துவார், கேட்க மாட்டார்கள். அவர் முன்னால் குந்தி, துடுப்பை எதிரே எட்டிப்போட்டுத் தன் பக்கம் இழுத்து இழுத்துத்தான் ஓட்டுகிறார். உங்கள் கனம் ஒரு பக்கம் சரிந்தால் அவருடைய துடுப்பு வேலை செய்யாது.

இவ்வளவுக்குப் பிறகும் விழுந்துவிட்டால்? நான் செய்த பெரிய தவறு, கால் தரையில் பட்டதும் எழுந்து நிற்கப் பார்த்தது. இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று தோன்றும். பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால் பின்னாலிருந்து தள்ளுகிற தண்ணீர் ஆளை முன்னால் மடக்கி அமுக்கிவிடும், இடுப்பளவுத் தண்ணீரே போதும் மூழ்குவதற்கு. மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். கால்களைக் கீழ்நீர்ப் பக்கம் நீட்டி, விரல்களைத் தண்ணீருக்கு மேல் வையுங்கள். பாறை வந்தால் பாதம் தாங்கட்டும், தலை தாங்க வேண்டாம். அப்படியே மிதந்தபடி கைகளால் சாய்வாகக் கரைப் பக்கம் நகருங்கள். கரைக்கு நேராகவோ ஓட்டத்தை எதிர்த்தோ நீந்த வேண்டாம். முழங்காலுக்கும் கீழே தண்ணீர் குறைந்து, ஓட்டம் தணிந்த பிறகே எழுந்திருங்கள். கவிழ்ந்த பரிசலுக்குக் கீழ்நீர்ப் பக்கம் ஒருபோதும் இருக்கக் கூடாது; பரிசலுக்கும் பாறைக்கும் நடுவே சிக்கினால் அந்த ஒரு டன் உங்கள்மேல் வந்து நிற்கும். தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கிற மரமும் புதரும் பாறையைவிட மோசம். தண்ணீர் கிளைகளுக்கு இடையே வடிந்து போய்விடும், ஆள் போக முடியாது. அதைத் தூரத்திலேயே பார்த்து விலக வேண்டும். விலக முடியாதென்றால் மட்டும் குப்புறத் திரும்பி, தலையை முன்னே வைத்து நீந்திப் பாய்ந்து கிளைக்கு மேலே ஏறப் பாருங்கள்.

கரையில் இருப்பவர்கள் காப்பாற்றக் குதிக்க வேண்டாம். கயிறு வீசுங்கள், கழி நீட்டுங்கள், காலி கேனை மூடி கயிற்றில் கட்டிப் போடுங்கள். கயிற்றை இடுப்பில் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு யாரும் இறங்கக் கூடாது. ஓட்டம் பிடித்து இழுக்கும்போது கயிறு விறைத்தால், கட்டியவரை அது மேலே கொண்டுவராது, தண்ணீருக்குள்தான் அமுக்கும்.

தடுப்பணைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பவானி, ஈரோடு பக்கம் காவிரியில் குளிக்கிறவர்களுக்கு இது முக்கியம். அணை விளிம்பைத் தாண்டி அகலமாக, சீராக விழுகிற தண்ணீர் பார்க்க அழகாக இருக்கும். விழுந்த இடத்தில் அடியில் போன தண்ணீர் மேலெழும்பித் திரும்ப அணைப் பக்கமே ஓடும். அதில் மாட்டியது கட்டையானாலும் ஆளானாலும் அங்கேயே உருண்டுகொண்டிருக்கும். படகும் பரிசலும் அதன் பக்கமே போகக் கூடாது, மேலேயும் சரி, கீழேயும் சரி.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். போகலாம். குடும்பத்தோடு போகலாம். ஆனால் அன்று காலை பிலிகுண்டுலு கணக்கைப் பார்த்துவிட்டுக் கிளம்பு. முந்தின நாளை விடக் கூடிக்கொண்டே போனால் அருவியைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, மீன் சாப்பிட்டுத் திரும்பிவிடு. மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டிருந்தால் துறையில் யாரிடமும் கெஞ்சாதே, கூடுதல் காசு காட்டாதே. ஒரு நாள் வருமானம் போவது பரிசல்காரருக்குத் தெரியும். தெரிந்தேதான் கரையில் உட்கார்ந்திருக்கிறார். தாத்தா ஓட்டிய காலம் முழுவதும் அவர் பரிசலில் ஒரு உயிர் போனதில்லை. அதற்குக் காரணம் அவர் கைத்திறன் பாதி, இறக்காமல் விட்ட நாட்கள் பாதி என்று மாமா சொல்லுவார். நான் இரண்டாவது பாதிக்குத்தான் அதிகம் கொடுப்பேன்.

தடை இல்லாத நாளில் போய் மாமாவின் பரிசலில் ஏறினால், பரிசல் நகரும் முன் மாமா ஒவ்வொருவருடைய ஜாக்கெட் கொக்கியையும் தானே இழுத்துப் பார்ப்பார். சின்னப் பிள்ளைக்குப் பெரிய ஜாக்கெட் போட்டிருந்தால் கழற்றி மாற்றச் சொல்லுவார். அதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். முகம் சுளிக்காமல் அந்த ஐந்து நிமிஷத்தை அவருக்குக் கொடுங்கள்.